கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு பாலம்

போன மாதம் எங்கள் தாமானுக்கு ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு முன்னால் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி என்னை மாட்டிவிட்டாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் மருமகளுக்கு இந்த வாரம் எழுத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். சிரிக்கட்டும்.

குருண் பட்டணத்துக்கு வெளியே, எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் குடியிருக்கிற தாமான் எங்களுடையது. ஓரத்தில் ஒரு பாலர் பள்ளி. அங்கே இருபது பிள்ளைகளுக்குக் காலையில் பசியாறச் செய்து கொடுப்பது என் வேலை. என் பயற்றங்கஞ்சியை மிச்சம் வைத்த பிள்ளை இதுவரை பிறக்கவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்... அதனால் என்ன?

வீடுகளுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு பெரிய லோங்காங், கழிவுநீர்க் கால்வாய். மழை பெய்தால் தண்ணீர் சுழித்து ஓடும். தாண்டுவதற்கு ஒரே ஒரு பலகை, அதுவும் ஒரு பக்கம் உளுத்து ஓட்டை. யாழினி என்கிற வாண்டு அதில் வழுக்கி விழுந்தாள். ஒரு சப்பாத்து தண்ணீரோடு போயிற்று. பிள்ளையும் போயிருக்க வேண்டியது. பெரியவர்கள் இரண்டு தடவை மனு எழுதிப் போட்டோம். பதில்? அதுவும் தண்ணீரோடு போயிற்று போல.

கோமதி டீச்சர் ஒரு வேலை செய்தாள். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளிடம் வர்ணத்தைக் கொடுத்தாள்.

“நம்ம தாமான்ல உங்களுக்கு என்னா பிடிக்கல? அழுவாதீங்க, அடம் பிடிக்காதீங்க. வரைஞ்சு காட்டுங்க.”

“இத்துனூண்டு பிள்ளைங்களுக்கு என்னாத்துக்கு டீச்சர் ஊர்ப் பஞ்சாயத்து?” என்றேன்.

“விழுறது அவங்கதானேம்மா?”

படங்களை ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுத்தேன்.

சுவர் முழுக்கப் பலகைதான். ஓட்டைப் பலகை, உடைந்த பலகை, கீழே படகு மாதிரி மிதக்கும் சப்பாத்து. யாழினி மட்டும் இன்னொரு தாளும் வாங்கியிருந்தாள். அதில் பெரிய கொண்டை, வாய் நிறையப் பல்.

“யாருடி இது?”

“நீங்கதான் பாட்டி. காயப்போட்ட துணியில பந்து பட்டுச்சுன்னு கத்துனீங்கல்ல?”

டீச்சர் அதையும் சுவரில் ஒட்டினாள். “இதுவும் பிடிக்காத லிஸ்ட்டுலதாம்மா வருது” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எல்லாப் படத்தையும் போட்டோ எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்பினாள். நம்பினால் நம்புங்கள், ஒரே வாரத்தில் போன் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அதிகாரி நேரில் வருகிறார்!

இங்கேதான் புத்தி கெட்டுப்போனது.

எஸ்டேட்டில் துரை பார்வையிட வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? கால்வாயைத் தேய்ப்போம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். குறை கண்ணில் பட்டால் நமக்குத்தான் திட்டு. அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியது. அதிகாரி என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் சேலையை இழுத்துச் செருகிவிட்டேன். லோங்காங்கைச் சுத்தம் செய்ய வைத்தேன். பக்கத்து வீட்டு முனியாண்டியை விட்டுக் கோயில் பந்தலுக்கு வைத்திருந்த கெட்டிப் பலகையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போட்டேன். மாவிலைத் தோரணம் வேறு. பழைய பலகை? என் கோழிக் கூண்டுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில்.

அதிகாரி வந்தார். மலாய்க்காரர், சின்ன வயது. பலகை மேல் ஏறி நின்று இரண்டு மிதி மிதித்தார்.

“ஓகே லா மக்சிக், குவாட்!” என்றார். நல்ல உறுதியாக இருக்கிறதம்மா என்கிறார்.

பாராட்டு இல்லையா? எனக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது.

யாழினி தன் பலகைப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். “டீச்சர், எங்க பாலத்தக் காணோம். இத நாங்க வரையல.” உதடு துடித்தது. “நாங்க பொய் சொன்னோம்னு நெனச்சுக்குவாரு.”

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். பதிலை எனக்கு விட்டுவிட்டு, டீச்சர் என்னையே பார்த்தாள்.

நான் சும்மா இருந்தால் அவர் போய்விடுவார். சாயங்காலம் பலகை கோயிலுக்குப் போய்விடும். அடுத்த மழைக்கு...?

வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், “நல்லாதான் இருக்கேன் தம்பி” என்று சிரித்துவிட்டு, பிறகு மருந்து தரவில்லை என்று குறைப்படுகிற ஜாதி நாங்கள். அழைத்தது குறையைக் காட்ட. செய்தது குறையை மூட. இருபது பிள்ளைகள் வரைந்த நிஜத்தை ஒரே காலையில் பொய்யாக்கிவிட்டேனே!

“என்சிக், மாரி சினி” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கூப்பிட்டு, அவரைக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் அழைத்துப் போனேன். பின்னாலேயே இருபது பிள்ளைகளும் வரிசையாக. சாக்கைத் தூக்கினேன். யாழினி தன் படத்தைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தில் எந்தப் பக்கம் ஓட்டையோ, பலகையிலும் அதே பக்கம்.

யார் ஒளித்தது என்று கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் செய்வதுபோல நானே கையைத் தூக்கினேன்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு டேப்பை எடுத்து லோங்காங்கை அளந்தார்.

இப்போது அங்கே சிமெண்டுப் பாலம் நிற்கிறது, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளைகளைத்தான் கேட்டார்கள். மஞ்சளாம்.

தீர்ந்த பிரச்சினையின் படத்தைச் சுவரிலிருந்து பிள்ளைகளே எடுத்துவிட வேண்டும் என்பது டீச்சர் வைத்திருக்கிற சட்டம். திங்கட்கிழமை கை தட்டிக்கொண்டே பலகைப் படங்களை எல்லாம் எடுத்தார்கள். நானும் தட்டினேன். வெறும் சுவரில் ஒரே ஒரு படம் மட்டும் மிச்சம் — கொண்டையும் பல்லுமாக.

“அத எப்பம்மா எடுப்பீங்க?” என்றேன்.

யாழினி கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது இன்னும் சரியாவல பாட்டி.”