பையில் மடித்த நெகட்டிவ் சீட்டு

தேடிப் பார்க்காத ஒன்றை இல்லை என்று எப்படிச் சொல்வது? லேப் அக்காவின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

காசநோய்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் அவர். ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதமாட்டார். அதைப் பெரிய குணம் என்று சொல்வதற்கில்லை; விதி அது. ஆனால் எல்லோரும் விதிப்படி பார்ப்பதில்லை.

பெருந்தொற்று வந்ததும் மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டுவிட்டு, மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்க அவரை அனுப்பினார்கள். நாளுக்கு முப்பது பேர் சளி கொடுக்க வந்த இடத்தில் நாலு பேர் வந்தார்கள். வருடக் கடைசியில் அறிக்கையைப் பார்த்த அதிகாரிக்கு மகிழ்ச்சி.

"டிபி பாதியா குறைஞ்சிருக்கே. நல்ல சேதிதானே?"

"வர்றவங்கதான் சார் குறைஞ்சிருக்காங்க. இருமினா பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு வீட்டுக்குள்ளயே இருமுறாங்க."

இப்படிச் சொன்னவரே தன் தம்பி விஷயத்தில் கோட்டை விட்டார். அவன் தையற்கூடத்தில் வேலை பார்த்தான். ஜன்னல் திறக்காத அறை, எட்டு மெஷின். இருமல் வந்தபோது அக்காவே மாதிரி எடுத்தார். கொரோனா நெகட்டிவ். அத்தோடு இருவரும் நிம்மதியானார்கள். யாராவது முகம் சுளித்தால் தம்பி பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுவான்.

நாலு மாதம் கழித்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்னடா இப்படி இளைச்சிட்டே?"

"என் பொண்டாட்டி சமையலை நீ சாப்பிட்டதில்லையே. இருமல்தான் விடமாட்டேங்குது. ஆனா நெகட்டிவ்னு நீதானேக்கா குடுத்தே?"

அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். "காலைல எழுந்ததும் சளியை இதுல துப்பிக் கொண்டா."

மறுநாள் மைக்ரோஸ்கோப்பின் உறையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நூறு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று மதியமே தையற்கூடத்தில் மற்ற ஏழு பேருக்கும் டப்பா கொடுத்தார். பித்தான் வைத்துத் தைக்கும் பெண்ணுக்கும் கிருமி இருந்தது.

"அந்தச் சீட்டை நம்பித்தான்க்கா பக்கத்துல உக்காந்தேன்," என்றாள் அவள்.

ஆறு மாதம் இருவரும் அக்காவின் கண்ணெதிரே மாத்திரை விழுங்கினார்கள். இருவரின் கடைசி ஸ்லைடுகளும் தயாரான அன்று அக்கா கையுறையைக் கழற்றினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளிடம், "நூறு இடம் பாரும்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெஞ்சில் அந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு ஸ்லைடிலும் கிருமி இல்லை என்று புதியவள் உள்ளேயிருந்து சொன்னாள். தம்பி விஷயத்தில் ஒருமுறை தேடாமல் விட்ட தன் கண்ணால் ஏன் பார்க்கவில்லை என்பதை அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.