கோடிப்புடவையோடு வானத்தில் ஒரு சுற்று

புனே, காலை ஐந்தரை மணி. அக்கா மகள் லதா பேசினாள். "மாமா, நைனா போய்ட்டாரு."

நைனா என்றால் அவளுக்கு அப்பா, எனக்குப் பாவா. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர். நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆட்டோ வருவதற்குள் அடங்கிவிட்டார். லதா போனை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அழவில்லை. "நீ வந்து கோடி போட்டாத்தான் எடுக்க விடுவேன்" என்றாள்.

புருஷனை இழந்தவளுக்கு, பிணத்தை எடுப்பதற்கு முன்னால், பிறந்த வீட்டார் போர்த்த வேண்டியது கோடிப்புடவை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? தீபாவளிக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அரக்குப் புடவையை மனைவி எடுத்துக் கொடுத்தாள். மகளுக்குப் பரீட்சை என்பதால் நான் மட்டும் கிளம்பினேன்.

விமானத்தில் கூட்டம். மேலே பை வைக்க இடமில்லை, சிலருடைய பைகளைச் சரக்கறையில் போடலாமா என்று கேட்டார்கள். கேட்டு முடிக்கும் முன்பே பெரிய மனிதனாகப் பையை நீட்டியவன் நான். புடவை அதற்குள் இருந்தது நினைவுக்கு வந்தபோது இடுப்பில் பட்டை மாட்டியாகிவிட்டது.

பகல் ஒன்றரை மணி, சென்னை. மொட்டைமாடிகளில் காயும் துணியின் நிறம் தெரிகிற உயரத்துக்கு வந்துவிட்டோம். திடீரென்று எஞ்சின்கள் உறுமின. முதுகு இருக்கையோடு ஒட்டியது. மேலே போகப்போகிறோம் என்று நினைத்தேன். வேகம் கூடியது, ஆனால் துணிகள் இன்னும் பெரிதாகத்தான் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் சீருடையோடு ஒருவர். இன்னொரு விமானத்தை ஓட்டுவதற்காகச் சென்னைக்குப் பயணியாக வந்துகொண்டிருந்த விமானி. அவர் உதடு அசையாமல், "ஏத்து... ஏத்து..." என்றார். அதற்குப் பிறகுதான் மூக்கு வெடுக்கென்று தூக்கியது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. நானும் ஏதோ கத்தினேன். அது கடவுள் பெயராக இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு விலகவில்லை, அதனால் திரும்ப ஏறிவிட்டோம் என்று கேப்டன் அறிவித்தார். குரலில் எச்சில் இல்லை.

"அது சரிங்க, ஏறணும்னா ஏறாம ஏன் கீழயே போச்சு?" என்று பக்கத்துக்காரரைக் கேட்டேன்.

"நான் பாக்கல. ஊகம்தான்" என்று தயங்கினார். "மேல ஏறணும்னா எஞ்சின் லீவரை முட்டுற வரைக்கும் தள்ளணும். அவசரத்துல ஒரு பல் முன்னாடியே நிறுத்திட்டா, கம்ப்யூட்டர் இன்னும் இறங்கிக்கிட்டுதான் இருக்கோம்னு எடுத்துக்கும். எஞ்சின் வேகம் கூடும், மூக்கு மட்டும் தரையத்தான் பாக்கும்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எதிர்ல திரையில எழுதியும் இருக்கும். மெஷின் கேட்டுக்கிச்சுன்னு நம்பிட்டா, அந்த எழுத்து கண்ணுல படாது. நாலஞ்சு செகண்ட். எனக்கும் ஆகியிருக்கு. ஆனா சிமுலேட்டர்ல."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். நானும் அந்த ஜாதிதான் என்பதால் அவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குள் சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. விமானத்தைத் திருப்பதிக்குத் திருப்பினார்கள். திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவிலிருந்து திருத்தணி அறுபத்தைந்து கிலோமீட்டர்; மீனம்பாக்கத்திலிருந்து வருவதைவிடக் கிட்டே. தணிகை முருகனே விமானத்தை வளைத்துவிட்டான் என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இரண்டே முக்கால், ரேணிகுண்டா. இறங்குவதற்காக இறக்கை மடிப்புகளை விரித்து வைத்த நிலையில், அவை தாங்கும் வேகத்தைத் தாண்டிப் போய்விட்டதால், பொறியாளர் பார்க்காமல் இது இனிப் பறக்காது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வாசலில் இளம் துணை விமானி நின்றுகொண்டிருந்தான். ஆளாளுக்கு ஏசினார்கள். ஒவ்வொருவருக்கும் "சாரி சார்" என்றான். நான் ஏசவில்லை. நல்ல குணத்தால் அல்ல. பை எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை வரவில்லை. அங்கே இறங்க வேண்டிய விமானமே அல்ல, சரக்கை இறக்க ஆள் வர வேண்டும் என்றார்கள். லதாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, போன்ல உன் பிளைட்டைத்தான் பாத்துகினு இருந்தோம். தரைக்கு வந்துட்டு மேல போச்சு. அம்மா அப்பதான் அழுதுச்சு."

அக்கா வாங்கிப் பேசினாள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையேடா?"

"இல்லக்கா. புடவைக்காக நின்னுகினு கீறேன்."

"ஆங். டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லு. இங்க மழை."

ஒரு மணி நேரம் கழித்துப் பை வந்தது. வாடகைக் கார், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். புத்தூரைத் தாண்டும்போது டிரைவர் என் அவசரத்தின் கதையைக் கேட்டார். நகரிக்குள் நுழைந்ததும் தெருவெல்லாம் தறிச் சத்தம்.

"இன்னா சார் நீங்க! புடவைக்கா அங்க ஒரு மணி நேரம் நின்னீங்க? இங்க வீட்டுக்கு வீடு புடவைதானே நெய்றாங்க. கதவைத் தட்டி ஒண்ணு வாங்கிகினு போயிருக்கலாமே."

சிரித்தேன். எனக்கும் யாரோ லீவரை ஒரு பல் முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஐந்தரை, கே.ஜி.கண்டிகை. தெரு நெடுக சாமந்தி இதழ்கள் மழைத் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி குடையோடு ஓடி வந்தார். "எடுத்து அரை மணி ஆச்சுப்பா. உங்க அக்காதான் எடுக்கச் சொல்லிச்சு. 'நான் புடிச்சு வெச்சிருந்தா அவன் மழையில வண்டிய முடுக்குவான். காத்தால ஒண்ணு போனது போதும்'னுச்சு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு லதா கிட்ட சத்தியம் வாங்கிச்சு."

பையோடு சுடுகாட்டுக்கு ஓடினேன். நெருப்பு வைத்தாயிற்று. வறட்டிக்கும் விறகுக்கும் நடுவில் பாவாவின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இரவு புடவையை அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, விலைச்சீட்டைத் தடவிப் பார்த்தாள். "எடுத்த பொறவு போட்டா இது கோடி இல்லடா. லதாவுக்குக் குடு. நல்ல கலரு."

அவளுக்குக் கோடி போட்டது முனுசாமியின் மனைவி. பிறந்த வீட்டு ஆள் யாருமில்லாதவளுக்குப் போடுகிற மாதிரி.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். ரயிலில்தான், திருத்தணியிலிருந்து சென்னைக்கு, அங்கிருந்து புனேவுக்கு. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நாளெல்லாம் வாயாடுகிறவனுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் இருந்து, அதற்கும் தடை. பையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அக்கா உள்ளே இருந்தபடியே சொன்னாள். "இனிமே வந்தா ரயில்லயே வா. ரெண்டு நாளானா ஆவட்டும். ஒனக்காக நிறுத்தி வெக்க இங்க இன்னா கீது?"

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தேன்.