மழையில் ஏறிய முள்

செல்வராணி மேடம் காலமான செய்தி கல்லூரி வாட்ஸாப் குழுவில் வந்தபோது நான் கும்பகோணம் பேருந்தில் இருந்தேன். ஐம்பது பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். அது போதாது என்று தோன்றியதால் அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் நாங்கள் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ஆய்வகத்தில் மானியின் முள்ளை ஒருமுறை மட்டும் பார்த்து எழுதிவிட்டு நோட்டை மூடினால் அவருக்குப் பிடிக்காது. "முள்ளை இன்னொரு வாட்டி கேளுங்க சார்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஜப்பான் அணு உலை விபத்து நடந்த பங்குனியில், மழையில் நனையாதீர்கள் என்று ஊரெல்லாம் குறுஞ்செய்தி பறந்தது. ஒரு காலை, கோடை மழை பெய்து ஓய்ந்ததும், திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சங்கச் செயலாளர் கோவிந்தராசு எனக்குப் போன் செய்தார். "நனைஞ்ச மாட்டுப் பாலைக் குடிக்கலாமா சார்? கேனெல்லாம் அப்படியே நிக்குது."

ஈரமாயிருந்த ஸ்கூட்டர் இருக்கையை வடிதாளால் துடைத்து, ஆய்வகத்தின் கதிரியக்க மானி முன் வைத்தேன். முள் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியது. "வேண்டாங்க, கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்து வந்த செல்வராணி விஷயத்தைக் கேட்டார், திட்டவில்லை. அதே தாளை அரை மணிக்கொரு முறை அளந்தார். முள் பாதியாகி, அதிலும் பாதியாகி, கடைசியில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உலையிலிருந்து வந்ததாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் அடங்கியிருக்காது. நம் மண்ணிலிருந்து எப்போதும் கிளம்பும் ஒரு வாயுவின் மிச்சத்தைத்தான் மழை கழுவி இறக்கியிருக்கிறது. பாடத்தில் உள்ள விஷயம்தான். பயத்தில் மறந்துவிட்டேன்.

இருவரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். இரண்டு கேன் பால் வாய்க்காலில் போயிருந்தது. "மதியம் ஆவுது, புள்ளைக்கு இன்னும் பால் குடுக்கலைங்க" என்றாள் ஒருத்தி.

"குடுங்கம்மா. நாங்கதான் அவசரப்பட்டுத் தப்பா சொல்லிட்டோம்" என்றார் செல்வராணி.

"அப்ப அங்கேருந்து ஒண்ணும் வராதுங்களா?" என்று கோவிந்தராசு விடாமல் கேட்டார்.

"வராதுன்னு சொல்ல மாட்டேங்க. களத்துல தூத்துறப்ப நெல்லு கால்கிட்ட விழுது, தூசி எங்கேயோ போவுதில்ல? கனமானது உலைக்குப் பக்கத்துலயே விழுந்துடும். அந்த ஊருக்குத்தான் ஆபத்து. மெல்லிசானது மேல ஏறி உலகத்தையே சுத்தும். வழியெல்லாம் காத்துல கலைஞ்சு, மழைல கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். இங்க வந்து சேர்றது எங்க மீட்டருக்கே தெரியாதுங்க."

அவர் பேசிய நேரம் முழுவதும் நான் பின்னால் நின்றேன். போனில் நான் சொன்னதும் அவர் அளந்து சொல்லச் சொன்னதுதான் என்று கோவிந்தராசுவும் நினைத்துக்கொண்டார். அதனால் ஊரில் 'பாலைக் கொட்ட வெச்ச டீச்சர்' என்ற பெயர் அவருக்கே நிலைத்தது. வருத்தப்பட்டேன். "இருக்கட்டும் சார், அந்தப் புள்ள பால் குடிச்சுருச்சுல்ல" என்று சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நேற்று இறுதிச் சடங்குக்குக் கோவிந்தராசு வந்திருந்தார். "பாலைக் கொட்ட வெச்சாலும் நல்ல டீச்சர்" என்றார். அன்று அளந்ததும் கொட்டச் சொன்னதும் நான்தான், அவரில்லை என்றேன். "அந்த அம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கெட்ட பெயர். அதை இனி நானே வைத்துக்கொள்கிறேன்.