முறுக்கிப் பிழியக் கூடாத துணி

மகள் கூரியரில் வரவழைத்த பொட்டலத்தில் ஆறு துணி டயப்பர்கள் இருந்தன. யானை, வாழைப்பழம், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். இடுப்பில் அழுத்தி மாட்ட வரிசையாகப் பொத்தான்கள். என் பேரன் இதைப் போட்டுக்கொண்டு எந்த ஊர்வலத்துக்குப் போகப்போகிறானோ தெரியவில்லை. கூடவே துவைக்கும் முறையைச் சொல்ல ஒரு சின்ன அட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். நான்காவது வரி, 'முறுக்கிப் பிழியாதீர்கள்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொன்னால் தன்னால்தான் எல்லாம் ஆயிற்று என்று நினைத்துக்கொள்வாள். உங்களிடம் சொல்லலாம்.

அவள் பிறந்தபோது நாங்கள் வெள்ளிமலையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மலையில் வேலை. ஓடு வேய்ந்த இரண்டறை வாடகை வீடு. டயப்பர் என்ற பேச்சே அப்போது எங்கள் பக்கம் கிடையாது. பீத்துணி என்போம். பெயரிலேயே எல்லாம் விளங்கிவிடுவதால் அட்டை எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய நைந்த வேட்டிகளைக் கிழித்து இருபத்திரண்டு துணி வைத்திருந்தேன்.

முதலில் வெறும் தண்ணீரில் அலசிக் கழிவைப் போக்க வேண்டும். பிறகு ஊறவைத்து, சோப்புக்கட்டி தேய்த்து, அலுமினியக் குண்டானில் கொதிக்கவிட வேண்டும். அதற்கப்புறம் மூன்று தண்ணீர். மூன்றாவதிலும் சோப்பு வாசனை அடித்தால் நான்காவது. சோப்பு தங்கினால் குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்துவிடும். காய்ந்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். வெயிலில் காய்ந்த துணிக்கு ஒரு வாசனை உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள், பொரி வாசனை மாதிரி இருக்கும். அது வந்தால்தான் மடித்து வைப்பேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. வேறு எதிலும் கெட்டிக்காரியாக இருக்க அப்போது எனக்கு வழியில்லை.

மணலூர்பேட்டையிலிருந்து மாமியார் வந்து பத்து நாள் கூட இருந்தார். பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பச்சப் புள்ள துணிய முறுக்கிப் புழியாத. புள்ளைக்கு வவுறு முறுக்கிக்கும்."

மணலூர்பேட்டையில் இது ஒரு கஷ்டமே இல்லை. ஆற்றங்கரை வெயிலில் சொட்டச் சொட்டப் போட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில், சன்னல் வழியாக மேகம் உள்ளே வரும் வீட்டில் என்ன செய்வது? பிழியாத துணி மூன்று நாளானாலும் காயாது. நான்காம் நாள் பூஞ்சை வாடை அடிக்கும். மறுபடியும் குண்டான், மறுபடியும் மூன்று தண்ணீர்.

பிழிந்தால்தான் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு நாள் பிழிந்தேன். அன்று சாயங்காலம் குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தினாள். எல்லாக் குழந்தையும்தான் கத்தும். பி.ஏ. படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு கை வரவில்லை.

ஆக, நான் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் துணிதான் முடிவு செய்தது. இரண்டு காய்ந்திருந்தால் தபாலாபீஸ். மூன்று காய்ந்திருந்தால் ரேஷன் கடை. கள்ளக்குறிச்சி போய்வர எட்டு வேண்டும். எட்டு ஒரு நாளும் சேர்ந்து காயவில்லை. நான்கு மாதம் நான் மலையை விட்டு இறங்கவில்லை. சமையலறையில் குனிந்துதான் நடப்பேன், கொடியிலிருந்து தலையில் சொட்டும். சில நாள் அந்தத் துணிகளுக்கு நடுவில் நின்று அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன் விண்ணப்பித்திருந்த கிளார்க் வேலைக்கு நேர்முகம். கள்ளக்குறிச்சியில், காலை பதினோரு மணிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். நான் வெளியே வர எனக்கென்று திறந்த கதவு அது ஒன்றுதான்.

"இந்த மழையில எப்டிப் போவ? வேற எதனா வரும், பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"வராதுங்க" என்றேன்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று காலை மூன்று துணிதான் காய்ந்திருந்தது. ஒன்பது ஈரத்துணியை ஒயர் கூடையில் திணித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டு கிடைத்தது. அந்தக் காலத்து பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் ஒரு பெரிய பெட்டியாக மேடு தட்டிக்கொண்டு நிற்கும். கால் பட்டால் சுடும். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கூடையில தண்ணி சொட்டுது?"

"கொழந்த துணிண்ணே. காயவே மாட்டேங்குது."

"இந்தப் பொட்டி மேல விரிச்சிப் போடு. கீழ எறங்கறதுக்குள்ள அப்பளமா ஆயிடும்."

ஒவ்வொன்றாக விரித்தேன். வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் துணி சரியும். எதிர் சீட்டில் சாமை மூட்டையோடு வந்த மலைக்கார அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். டீசல் வாடை, அதற்குள் சோப்பு வாசனை, அதற்குள் என் பொரி வாசனை. நாலு மாதத்தில் அன்றுதான் மனசு சந்தோஷமாக இருந்தது.

நாலு துணி காய்ந்தது. கச்சிராயபாளையத்துக்கு மேலே ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. டிரைவர் இஞ்சினை நிறுத்தினார். மரத்தை வெட்டி நகர்த்த மூன்று மணி நேரம் ஆயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் குழந்தையைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். இஞ்சின் பெட்டி ஆறிக்கொண்டே வந்தது. குழந்தை ஒவ்வொரு துணியாக நனைத்துக்கொண்டே வந்தாள். மலைக்கார அம்மா கூடையிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கினார். தண்ணீர் கொட்டியது.

"முறுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காரணம் சொன்னேன்.

"நாலு பெத்தேன். எல்லாத்துக்கும் முறுக்கித்தான் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் கீதுங்க" என்றார் அவர்.

மணி பதினொன்றரை. இனி எதைக் காப்பாற்ற? மீதி ஈரத்துணிகளை நானே எடுத்து, மாமியார், மழை, அந்த மரம் எல்லாரையும் நினைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே முறுக்கிப் பிழிந்தேன். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் மறுபடி கிளம்பியதும் பிழிந்த துணியெல்லாம் சட்டென்று காய்ந்துவிட்டது. ஆபீசுக்குப் போனபோது மணி இரண்டு. "எல்லாம் முடிஞ்சிபோச்சிங்களே" என்றார் வாசலில் இருந்தவர். பாவம், அவர் என்ன செய்வார். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து ஒரு டீ குடித்தேன். கூடை நிறையக் காய்ந்த துணி இருந்தது. போவதற்குத்தான் இடமில்லை.

திரும்பும் பஸ்ஸில், வெள்ளிமலை வரும்வரை குழந்தை உடம்பை முறுக்கி முறுக்கி அழுதாள். "இனிமே முறுக்க மாட்டேன்டி" என்று அவள் காதில் சொன்னேன். சொன்னபடியே இருந்தேன், அவள் நடக்கத் தொடங்கும்வரை. அந்த வேலை யாருக்கோ போயிற்று. வேறு எதுவும் வரவில்லை.

இப்போது அந்த மாதிரி இஞ்சின் பெட்டி வைத்த பஸ் ஓடுவதில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எதையும் விரிக்க முடியாது. வேட்டி கிழித்த துணிகள் கரித்துணியாகி அதுவும் போய்விட்டது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்னது மட்டும் அட்டையில் அச்சாகிக் கூரியரில் வந்திருக்கிறது.

இன்று காலை யானைப் படம் போட்ட துணியைத் துவைத்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, கார்டுல போட்டுருக்கு பாரு, முறுக்கக் கூடாதாம்."

"முறுக்குனா இன்னா ஆவும்?"

"துணி கெட்டுடுமாம்."

துணி. துணிதான் கெட்டுவிடுமாம். இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரும்வரை முறுக்கினேன். பிறகு அதை உதறக்கூடச் செய்யாமல், உள்ளே தொட்டில் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.