அலமாரியா, ஆசனமா

கடைவீதிக் கோடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவே அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடும். கோர்ட்டு வாசலை மிதித்தவளில்லை. அவள் விசாரிப்பதெல்லாம் நாவல்களைத்தான்.

எந்த நாவலைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்களோ அதை உடனே வாங்கிவிடுவாள். கூட்டமில்லாத நேரத்தில் சுழல்நாற்காலியில் தானே உட்கார்ந்து படிப்பாள். முடித்த கையோடு தீர்ப்பு. பிடித்திருந்தால் புத்தகம் கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரியில் ஏறும், யாரும் இரவல் வாங்கலாம். பிடிக்கவில்லையா, ஆசனம். சின்னப் பிள்ளைகள் முடி வெட்ட வந்தால் நாற்காலி உயரம் போதாதே, அதற்காகப் போடுகிற புத்தக அடுக்குக்குத்தான் அந்தப் பெயர். மேலே ஒரு துண்டை விரித்து, பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துவிடுவாள். மேல்முறையீடு கிடையாது.

சமீபத்தில் சக்கைப்போடு போட்ட ஒரு காதல் நாவல் இப்படித்தான் ஆசனத்துக்குப் போனது. "அவன் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அறுபதாவது பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும். அறுநூறு பக்கமும் கேக்கவே மாட்டேங்கறான். எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. கையில கத்திரி வேற," என்றாள். அடுத்தது ஒரு துப்பறியும் கதை. "கொலை பண்ணினது இரட்டைப்பிறவித் தம்பியாம். அந்தத் தம்பி கடைசி அத்தியாயத்துலதான் பொறக்கறான்." அதற்கும் ஆசனம். ஆனால் மூன்று தலைமுறைக் கதை ஒன்று, தலையணை கனம், நேரே அலமாரிக்கு ஏறியது. "மாமியார் செத்ததும் எல்லாரும் அழறாங்க. மருமக மட்டும் அந்தம்மாவோட மூக்குக்கண்ணாடிய எடுத்துத் தொடச்சு வைக்கிறா. நான் அங்கதான் அழுதேன்" என்று அவளே சொன்னாள்.

இப்படிப்பட்டவளிடம்தான், வேறு ஊரில் வேலை பார்க்கிற மகள் ஒரு நாள் வந்து, தான் எழுதிய முதல் நாவலின் முதல் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "எனக்காக எதுவும் சொல்லாதம்மா. ஆசனம்னா ஆசனம்தான்," என்றும் சொன்னாள்.

ஜட்ஜம்மா படித்தாள். பிடித்திருந்தது. அதுதான் தொல்லையே. தன் வயிற்றில் பிறந்தவள் எழுதியதால் பிடித்ததா, நல்ல நாவல் என்பதால் பிடித்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அலமாரியில் வைத்தால் பெற்றவள் பேச்சை எவள் நம்புவாள்? வைக்காமல் விட்டால் பெண் மனசு உடைந்துபோகும். புத்தகம் சீப்புகள் கிடக்கும் இழுப்பறையிலேயே கிடந்தது. மகள் போனில் கேட்டபோதெல்லாம், "விசாரணை நடக்குது," என்றாள்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டாள். பெயர் அச்சான உள்தாளையும் அட்டையோடு சேர்த்து ஒட்டினாள். அதை நர்ஸக்காவிடம் கொடுத்தாள். ஓய்வு பெற்ற நர்ஸ். ஜட்ஜம்மா ஏற்றிய புத்தகங்களில் பாதியை இறக்கச் சொல்லிச் சண்டை பிடித்தவர். அவருக்குத் தாட்சண்யம் என்பது ஊசி குத்தும்போதுகூட இருந்ததில்லை என்று பேச்சு.

அடுத்த முறை தலைக்குச் சாயம் போட வந்த நர்ஸக்கா, மடியில் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படிக்கா இருந்துச்சு?" சாயத்தைக் குழைத்தபடி, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள் ஜட்ஜம்மா.

"நடுவுல நூறு பக்கம் இழுவை. ஆஸ்பத்திரி க்யூ மாதிரி நகரவே இல்ல."

பிரஷ் நின்றது. "இழுவையா? அந்தப் பொண்ணு வேலை தேடி அலையற இடம்க்கா அது. அலைச்சல்னா அப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் பொறுமை இல்ல."

"முடிவும் அவசரம்."

"என்ன அவசரம்? அந்த நேரத்துல அவ வேற என்னதான் செய்வா? நீங்க சரியாப் படிக்கல."

நர்ஸக்கா கண்ணாடி வழியாக அவளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, நீ ஒரு புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கி நான் பார்த்ததே இல்லையே. யாரு எழுதினது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. "என் பொண்ணு," என்றாள் ஜட்ஜம்மா. காத்திருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதை அடக்க அவள் முயலவுமில்லை.

"நான் பாதிதானே சொன்னேன், அதுக்குள்ள பாயற," என்றார் நர்ஸக்கா. "அந்த அம்மா மகளை ரயில் ஏத்திவிட வர்றா. வண்டி போனப்புறம்தான், குடுக்கவேண்டிய தண்ணி பாட்டில் தன் கையிலயே இருக்கறதப் பார்க்கறா. அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். என் மகன் ரயிலேறிப் போன அன்னிக்கு நானும் அப்படித்தான் நின்னேன்."

அந்தப் பாட்டில் இன்றும் ஜட்ஜம்மா வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அன்றைக்குத் தான் நின்றதை மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் என்பது புத்தகத்தைப் படித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

எடுத்து வைக்கலாம் என்று புத்தகத்துக்குக் கை நீட்டினாள். நர்ஸக்கா தரவில்லை. பாதிச் சாயம் பூசிய தலையோடும் கழுத்தில் கட்டிய துணியோடும் எழுந்தார். காக்கி அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அலமாரியிடம் போனார்.

"நீ வைக்காத. நீ வச்சா காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. நான் வைக்கறேன். எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜட்ஜம்மா சாயக் கையுறையை உருவிப் போட்டுவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"அலமாரிக்கு ஏறியாச்சு. நான் ஏத்தல, நர்ஸக்கா ஏத்தினாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழாத. இனிமே நான் தைரியமாச் சொல்லலாம். நடுவுல அந்த நூறு பக்கம் இழுவைதான்டி."