ஏழாம் பலகையில் சிரித்தவள்

என் சித்திக்கு என் அம்மாவைக் கண்டால் ஆகாது. வெளியில் பார்த்தால் தெரியாது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருவது அவள்தான். ஆனால் அம்மா ஒரு புதுச் செருப்பு வாங்கிவிட்டால் போதும், "எத்தனை நாளைக்கு வருதுன்னு பாப்போம்" என்று சொல்லாமல் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. அக்காள் நன்றாக இருக்கட்டும், தன்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்பதுதான் அவள் வேண்டுதல். அது பலித்ததே இல்லை.

இருவரும் ஒரே தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையில் கம்பியைச் சொருகி, இந்தத் தெருவை அந்தத் தெருவோடு பேசவைக்கும் வேலை. அம்மாவுக்கு ஏழாம் பலகை, சித்திக்கு எட்டாம் பலகை. ஆக, அங்கேயும் அக்காவுக்குப் பக்கத்தில், அக்காவுக்கு அடுத்து. அம்மா நல்ல உயரம், நீளக் கூந்தல், குழைந்த குரல். "அந்த ஏழாம் நம்பர் அம்மாவைக் குடுங்க" என்று மொத்த வியாபாரிகள்கூடக் கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது சித்தி அந்தக் குரலை மூக்கால் பேசிக் காட்டுவாள். பாவி, அசலாகவே இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு சித்தி ஊர் வரலாற்றுக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினாள். பழைய தபால் நிலையத்தின் மாடி அது. ஊரார் கொடுத்த புகைப்படங்கள், யாரோ ஓவிய ஆசிரியர் வரைந்த கடைத்தெருக் காட்சிகள், மூடிப்போன பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடுகள் எல்லாம் அங்கே அட்டைப் பெட்டிகளில் தூங்குகின்றன. சித்தியின் வேலை, பழைய படங்களில் இருக்கும் முகங்களுக்குப் பெயர் தேடுவது.

அதற்கென்று ஒரு முறை உண்டு. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, ஆட்களின் உருவத்தைப் பென்சிலால் கோடிழுத்து, உள்ளே எண் போடுவார்கள். அந்தக் காலத்து ஆட்களைத் தனித்தனியே அழைத்து, எந்த எண் யார் என்று எழுதச் சொல்வார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் ஒரே பெயரை எழுதினால்தான் படத்தின் கீழே பெயர். சித்தி இதில் மகா கறார். மேசையில் இன்னொருவர் எழுதி வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தாள் என்று தன் பள்ளித் தோழியையே எழுப்பி அனுப்பியவள்.

அவள் கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த சமயத்தில் தொலைபேசி நிலையத்துப் படம் ஒன்று காப்பகத்துக்கு வந்தது. பெண்கள் வரிசையாக முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாம் பலகையில் இருப்பவள் மட்டும் முகத்தைப் பாதி திருப்பி, காதில் எதையோ கேட்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் காரணம் தெரியாமல் நமக்கும் சிரிப்பு வரும். காப்பகத்தின் புதிய கண்காட்சிக் கூடத் திறப்பு விழாவுக்கு அதைத்தான் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்கள். கீழே போடுவதற்கு என் அம்மாவின் பெயர்.

கால் சரியாகித் திரும்பிய சித்தி அதைப் பார்த்தாள். கட்டடமே அதிர்ந்ததாகக் கேள்வி.

"இது நான்!"

"உங்க அக்கான்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்களேம்மா. ரெண்டு பேரும் உங்ககூட வேலை பாத்தவங்க" என்றார் காப்பகப் பொறுப்பாளர்.

"அவங்க மூஞ்சியவா பாத்தாங்க? பலகையப் பாத்து எழுதிட்டாங்க. ஏழுன்னா அக்கா, அவ்வளவுதான் அவங்களுக்கு!"

நடந்தது இதுதான். பலகை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது. ஒருத்தி எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்படக்காரர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா தலை பின்னிக்கொள்ளப் போனாள். சித்தி ஏழாம் பலகைக்கு நகர்ந்தாள். புகைப்படக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

"எட்டாவது நாற்காலி காலியா இருக்கு பாருங்க, நான் நகர்ந்ததுக்கு அதுதான் சாட்சி" என்று சித்தி சொல்ல, "அன்னிக்கு நீங்க லீவுன்னு நெனச்சுட்டாங்க" என்றார் பொறுப்பாளர். பிறகு இறங்கிவந்து, "உங்க அக்காவே வந்து உங்க பேரை எழுதிட்டா மாத்திடறோம்" என்றார்.

அன்று சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிடுங்கிக்கொள்வாளே தவிரக் கேட்க மாட்டாள். கேட்டாள்.

"ஒரு வரிக்கா. என் வாழ்நாள்ல நான் நல்லா விழுந்த படம் அது ஒண்ணுதான். அதையும் நீயே வெச்சுக்காத."

அம்மா "வரேன்" என்றாள். மறுநாள் இருவரையும் நான்தான் காரில் அழைத்துப் போனேன். அம்மா தாளை முன்னால் வைத்துக்கொண்டு படத்தை வெகு நேரம் பார்த்தாள். பென்சிலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்து எழுதினாள். பொறுப்பாளர் வாங்கிப் படித்தார்.

"தெரியாது."

சித்தி விடுவிடுவென்று காரை நோக்கி நடந்தாள். காரில் ஏறிய பிறகுதான் பொரிந்து தள்ளினாள்.

"கூடப் பொறந்தவளைத் தெரியாதா உனக்கு? ஒரே தட்டுல தின்னவளைத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி அக்கா?"

"நான்னு எழுதினா பொய். நீன்னு எழுதக் கை வரல."

"ஏன் வரல?"

"வயித்தெரிச்சல். போதுமா?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் பின்னி முடிச்சு, பவுடர் போட்டுட்டு ஓடி வரேன், அந்த ஆள் கேமராவை மூடிட்டு இருக்கார். என்னையும் ஒண்ணு எடுங்கன்னேன். அருமையா ஒரு சிரிப்பு விழுந்தாச்சு, இதுக்கு மேல என்னம்மா வேணும்னு போயிட்டார். அதுக்கப்பறம் எத்தனையோ படம் எடுத்துக்கிட்டேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு விழவே இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னுகூடச் சிரிச்சுப் பாத்திருக்கேன்."

சித்தி அழுவாள் என்று நினைத்துக் காரின் கண்ணாடியில் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்பலேருந்து?"

"எது?"

"வயித்தெரிச்சல்."

"அன்னிலேருந்துதான்."

"அன்னிலேருந்தா!" என்றாள் சித்தி. வீடு வரும்வரை அதையே இரண்டு மூன்று முறை முணுமுணுத்தாள்.

கூடம் திறந்தாயிற்று. பெயரில் சந்தேகம் என்பதால் படத்தின் கீழே "பெயர் தெரியாத பெண்" என்று போட்டிருக்கிறார்கள். சித்தி இப்போது வாரம் தவறாமல் அம்மாவை அங்கே அழைத்துப் போகிறாள். ஆட்டோவுக்கு அவளே கொடுக்கிறாள், அந்தப் படத்துக்கு நேர் எதிரே இருக்கும் பெஞ்சில் அக்காவை உட்காரவைக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம், "என்ன சிரிப்புடா சாமி!" என்று நின்று பார்க்கிறார்கள். அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

போன வாரம் அம்மாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து பொறுப்பாளரிடம் போய், மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, "குடுங்க அந்தத் தாளை. இவ பேரையே எழுதித் தொலைக்கறேன்" என்றாள்.

சித்தி அவள் கையிலிருந்து பென்சிலை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. எழுதிட்டா உனக்கு மனசு ஆறிடும்."