பெருமாட்டி அக்கா வீட்டில் ஓடிப் பார்த்த ட்ரெட்மில்

போன வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்து, மலையில் வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் நடந்தது இது. மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளை நாங்கள் லயம் என்போம். எனக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார்.

நின்றபடியே வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதில் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு நாள் மழை துரத்தவும் ஓடினேன். வீடு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியதே தவிர, மனசு திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து விடியற்காலையில் எஸ்டேட் ரோட்டில் ஓடுவது பழக்கமாகிவிட்டது. மாசி மாதம் மூணாறில் நடக்க இருந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டிக்குப் பேரும் கொடுத்துவிட்டேன். பேர் கொடுத்ததோடு விட்டேனா, ஃபேக்டரி முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன்!

அந்தச் சமயத்தில்தான் யானை வந்தது.

அன்றைக்கு நல்ல மூடுபனி. வளைவைத் திரும்பினேன். ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பாறை கிடந்தது. மழைக்கு மண் சரிந்து பாறை உருள்வது எங்கள் பக்கம் புதிதில்லை. சுற்றிக்கொண்டு போகலாம் என்று இன்னும் நாலு எட்டு வைத்தேன். பாறை காதை ஆட்டியது.

எப்படித் திரும்பினேன், எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லயத்துக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஒரு கால் ஷூவைக் காணவில்லை என்று தெரிந்தது. வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, யானைக் கூட்டம் தேயிலைக் காட்டுக்குள்தான் நிற்கிறது, வெயில் ஏறும் வரை யாரும் ரோட்டில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறினால் எனக்கு ஃபேக்டரி. வேலை முடிந்து வந்தால் மறுபடி இருட்டு. ஓட்டம் நின்றது.

முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போட ஆரம்பித்தன. வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

“ஏ புள்ள, இன்னைக்கு ஒரு ரிசார்ட்டுல பாத்தேன். ஓடுற மெஷினு. ஓடி முடிச்சதும் மடக்கிச் செவுத்தோரமா நிறுத்திட்டாங்க. நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கிருவமா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி. அதற்குள் ட்ரெட்மில்லா? ஆனால் அன்று ராத்திரியே இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்துவிட்டோம். பீரோவை நகர்த்தினால் பரணுக்குக் கீழே இடம் வரும் என்று முடிவானது. ஃபோனில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று கட்டிலுக்கு அடியில் போகும் என்கிறது, ஒன்று பாட்டுப் பாடும் என்கிறது, எதைப் பார்த்தாலும் பிடித்தது. இப்படியே போனால் மாசி வந்துவிடும், நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். மறையூர், சின்னாறு வழியாகக் காட்டுக்குள் இறங்கும்போது எனக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற உற்சாகம். ஷூவையும் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தேன். புது ஷூ.

கடையில் வரிசையாக ட்ரெட்மில்கள். விற்பனை செய்யும் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகத் தட்டையான ஒரு சின்ன மெஷினிடம் கூட்டிப் போனார். “வீட்டம்மாங்க எல்லாரும் இதத்தானுங்க எடுக்கறாங்க. மடக்குனா கட்டிலுக்கு அடியில போயிரும்.”

“நான் ஓடணும் தம்பி” என்றேன்.

“ஓடலாமுங்க, மெதுவா ஓடலாம்.”

ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டால், காட்சிக்கு வைத்திருப்பவற்றுக்குக் கரண்டு கொடுப்பதில்லை என்றார். வீட்டுக்காரருக்கோ கலர் கலராக லைட் எரிகிற, பாட்டுப் பாடுகிற ஒன்றின் மேல் கண். எனக்கு அந்தச் சின்னது போதும் என்று தோன்ற ஆரம்பித்தது. இடம் மிச்சமாகுமே! “இதையே எடுத்துருவோம்” என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

“ஏனுங்க, ஓடிப் பாத்தீங்களா?”

திரும்பினால், கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு அம்மா. எனக்கு அக்கா வயது இருக்கும். நூல் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. ட்ரெட்மில் பெல்ட்டுக்கு அடியில் விடுகிற எண்ணெய் வாங்க வந்தவர்.

“ஓடிப் பாக்காம வாங்கிப்போடாதீங்க கண்ணு. நான் அப்புடித்தான் இந்தச் சின்னத வாங்கிப்போட்டு, நெம்ப அவஸ்தைப்பட்டேன். இப்ப பெருசு ஒண்ணு வெச்சிருக்கேன். எங்கூடு பெருமாட்டிங்கற ஊருலங்க, இங்கிருந்து கிட்டத்தான். வந்து ரெண்டுலயும் ஓடிப் பாருங்க. பொறவு எது வேணுமோ எடுங்க.”

வீட்டுக்காரர் என் காதருகே, “முன்ன பின்ன தெரியாதவுக வீட்டுக்கு எப்படிப் புள்ள போறது? இருட்டுறதுக்குள்ள சின்னாறு செக்போஸ்ட்டத் தாண்டணும்லா” என்றார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

அந்த அக்கா சிரித்துவிட்டார். “உங்களக் கடத்தீட்டுப் போயி நான் என்ன பண்றதுங்க? தேங்கா பொறுக்க உடறதா? வாங்க வாங்க, மத்தியானத்துக்குள்ள உட்டர்றேன்.”

ஏதோ ஒரு தைரியத்தில் நான் சரி என்றுவிட்டேன். அவர் ஒரு பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் ஜீப்பில் பின்னால் போனோம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே காரைப் பறக்க விடுகிறார் மனுஷி! மலை ரோட்டில் ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரரே பிடிக்கத் திணறினார்.

வீடு தோப்புக்குள் இருந்தது. அவர் வீட்டுக்காரர் மாட்டுத் தொழுவத்தில் வேலையாக இருந்தார். பேர்கூடத் தெரியாத எங்களைப் பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்று சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து அறையில் அந்தச் சின்ன மெஷின் இருந்தது. அதன் மேல் சாக்கு விரித்து மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்.

“மொளகா நல்லாக் காயுது இதுல” என்றபடி அக்கா சாக்கைச் சுருட்டி எடுத்து, மெஷினைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நான் ஷூ மாட்டிக்கொண்டு ஏறினேன். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. அதிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றின் கிளிப்பை அக்கா என் சுடிதாரில் மாட்டினார். “எதுக்குக்கா, கொஞ்ச நேரம்தானே” என்றேன். “கொஞ்ச நேரம்னாலும் மாட்டோணும். கயிறு கழண்டா மெஷினு நின்னுரும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நடந்தேன், நன்றாக இருந்தது. வேகத்தைக் கூட்டினேன், ஓடினேன், இன்னும் கூட்டினேன். இரண்டு வாரமாக அடைபட்டுக் கிடந்த கால்கள் இல்லையா, ரோட்டில் ஓடுகிற மாதிரி எட்டிப் போட்டுவிட்டன. முன்னங்கால் மோட்டார் மூடியில் போய் இடித்தது. பின்னங்காலுக்குக் கீழே பெல்ட் தீர்ந்துபோயிருந்தது. கை கம்பியிலிருந்து நழுவ, உடம்பு சடாரென்று பின்னால் போனது. அதே நொடியில் கயிறு பிடுங்கிக்கொண்டது, பெல்ட் நின்றது. நான் முழங்காலில் விழுந்தேன். வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் என் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இரும்புப் பீரோவின் முனை.

“மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம், வா புள்ள போவோம்” என்றார் வீட்டுக்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அக்கா ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“நானும் இதே எடத்துல உழுந்தேனுங்க. அன்னைக்குக் கயிறு மாட்டல. கையி ஒடஞ்சுபோச்சு. தேறி வந்து மறுபடி ஏறுறதுக்கு ஒரு மழைக்காலம் ஆச்சு. பயம் உள்ள எறங்கறதுக்குள்ள ஏறிப்போடோணும் கண்ணு.”

முன்னறையில் பெரிய மெஷின் மடங்கி நின்றது. லைட் இல்லை, பாட்டு இல்லை, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. அக்கா அதை இறக்கினார். ஓடும் பலகை, நான் ரோட்டில் ஓடுகிற மாதிரி எட்டிப் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும் அளவுக்கு நீளம். இந்த முறை கிளிப்பை நானே மாட்டிக்கொண்டேன்.

முதலில் நடை, பிறகு மெல்ல ஓட்டம். கால் எங்கேயும் இடிக்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன். மெஷின் ஆடவில்லை. பயம் எப்போது போனது என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள், உள்ளே என் காலடிச் சத்தம் மட்டும். வியர்வை கண்ணில் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். “போதும் இறங்கு” என்று வீட்டுக்காரர் சொன்னது காதில் விழாத மாதிரி ஓடினேன். தேங்காய் போட வந்தவர்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா கையைத் தட்டி, “உடாதீங்க, உடாதீங்க!” என்று கத்தினார்.

இறங்கியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான். “இதுதான்.”

ஆனால் அக்கா விடவில்லை. நானே தனியாக மடக்க வேண்டும், வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது என்றார். விடியுமுன்னே அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யார் மடக்குவது? நியாயம்தானே. தூக்கினேன். பாதி தூக்கியதும் மீதியை அதுவே தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் இருந்த கம்பியைக் காலால் தட்டினால் மெதுவாக இறங்கியது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. மெஷின் மேல் நிற்கிறபோதே ஒரு படி உயரம், ஓடும்போது தலை இன்னும் எழும்பும். நாங்கள் அளந்து வைத்திருந்த பரணுக்கு அடியில் போட்டிருந்தால் முதல் நாளே மண்டை உடைந்திருக்கும்!

சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். நீங்கள் ஏன் வீட்டுக்குள் ஓடுகிறீர்கள், இங்கேதான் யானை இல்லையே என்று கேட்டேன்.

“வாய்க்கா மேட்டுல ஓடிப் பாத்தேனுங்க. ஒருத்தரு டிராக்டர நிறுத்தி, ‘ஊட்டுல யாருக்கு என்னாச்சு’ன்னாரு. இன்னொருத்தரு வண்டியில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு உடறேன்னாரு. நான் சும்மாத்தான் ஓடறேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. உங்களுக்கு ஆனை, எனக்கு ஆளுங்க!”

அப்படிச் சிரித்தோம், சோறு புரையேறிவிட்டது. போட்டியைப் பற்றிச் சொன்னேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “பொம்பளைங்க நெறையா ஓடுவாங்களா?” என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது அவர் வீட்டுக்காரர் தொழுவத்துக்கு வாங்கி வைத்திருந்த புது ரப்பர் பாய் ஒன்றைச் சுருட்டி ஜீப்பில் போட்டார். ஒட்டிய வீடுகள் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மெஷினுக்கு அடியில் போட்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காதாம்.

பொள்ளாச்சிக்குத் திரும்பி, அதே மாதிரி மெஷினை வாங்கி ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே சின்னாற்றைத் தாண்டிவிட்டோம். வழியெல்லாம் நான் பின்னால் திரும்பித் திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் விடிகாலையில் லயமே தூங்கிக்கொண்டிருக்க, முன்னறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினேன். மூடுபனி உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு மதினி இரண்டு வாரம் கழித்துத்தான், “என்ன, உங்க வீட்டுல மெஷின் வாங்கிருக்கீங்களாமே” என்று கேட்டார்.

மாசியில் போட்டி நாள். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். “ஏனுங்க!” என்று ஒரு குரல். சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு, தலையில் மட்டும் அதே மல்லிகையோடு அக்கா நின்றார்! என்னிடம் சொல்லாமலே பேர் கொடுத்திருக்கிறார். முந்தின நாளே மலையேறி வந்து ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். நான் கட்டிக்கொண்டு குதித்ததில் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சேர்ந்துதான் கிளம்பினோம். முதல் ஏற்றத்தில் நான் முந்தினேன், இறக்கத்தில் அவர் என்னைப் பிடித்தார். கடைசித் திருப்பத்தில் மேளம் கேட்டது. என் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்காரரும் தோளோடு தோள் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் அக்கா புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் எஸ்டேட்டில் யாராவது ட்ரெட்மில் எது நல்லது என்று கேட்டால் நான் வாயால் பதில் சொல்வதில்லை, ஷூவோடு வீட்டுக்கு வரச் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கதவைத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வீட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன்.